முதல் போனிலிருந்து பூமி பூஜை வரை: வீடு கட்டித் தருபவர்கள் விற்பனை வேலையைச் செயலியில் நடத்துவது எப்படி

வீடு கட்டும் இடத்தில் வரும் சண்டையைத் தோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் வேலை தொடங்கும் முன்பு பேசிய ஏதோ ஒரு பேச்சில் போய் நிற்கும். "கிச்சன் மேடைக்குக் கீழே கடப்பா கல் ஸ்லாப் போட்டுத் தருகிறோம்" என்று முதலாளி சொல்லியிருப்பார். கொட்டேஷனில் அது ஏறியிருக்காது. சூப்பர்வைசருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டைல்ஸ் ஒட்டும் நாளில் வீட்டுக்காரம்மா வந்து "ஸ்லாப் எங்கே?" என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம். "எனக்குத் தெரியாதும்மா" என்று சூப்பர்வைசர் சொல்வதும் உண்மை.

இந்த வழிகாட்டி, தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஐந்து முதல் இருபது தனி வீடு வரை கட்டித் தரும் சிறு நிறுவனங்களுக்கானது. முதலாளியே இன்ஜினியர், ஒன்றிரண்டு சூப்பர்வைசர், அலுவலகத்தில் ஒருவர், பிளான் வரைய வெளியாள் ஒருவர்: இவ்வளவுதான் ஆட்கள். விசாரணை வருவதிலிருந்து வானம் (அடித்தளக் குழி) தோண்டுவது வரை நடக்கும் பேச்செல்லாம் வாட்ஸ்அப்பிலும் டைரியிலும் முதலாளியின் தலைக்குள்ளும் சிதறிக் கிடக்கும். முதல் போன் வந்த அன்று திறக்கும் பதிவையே கடைசியில் சைட் இன்ஜினியர் கையில் கொடுப்பது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். விற்பனைச் செயலி என்றால் எத்தனை விசாரணை வந்தது, எத்தனை புக்கிங் ஆனது என்று எண்ணுவதற்கு என்றே பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணிக்கை தானாக வந்துவிடும். கொடுத்த வாக்கு சைட் வரை போய்ச் சேர வேண்டும், அதற்குத்தான் முதலில் செயலி.

## எந்தச் செயலி என்பதில் காலம் கடத்த வேண்டாம்

ட்ரெல்லோ, ஜோஹோவின் பிகின், கூகுள் ஷீட் இந்த மூன்றில் எதில் தொடங்கினாலும் வேலை நடக்கும். ட்ரெல்லோவில் ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டு. கட்டம் மாறும்போது கார்டை அடுத்த வரிசைக்கு இழுத்துவிடலாம். பிகின், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் சிறு வியாபாரங்களுக்காகவே செய்தது. போன் எண், பேசிய வரலாறு, அடுத்து பேச வேண்டிய தேதி எல்லாம் அதில் ஒழுங்காக நிற்கும். ஷீட் எல்லோருக்கும் பழகியது, ஆனால் நினைவூட்டலும் புகைப்படங்களும் அதில் சிரமம். பில்டர்ட்ரெண்ட் போன்ற அமெரிக்கச் செயலிகள் திறமானவைதான். அவை அங்குள்ள வேலைமுறைக்குச் செய்யப்பட்டவை; சதுரடி ரேட், பட்டா, வங்கி எஸ்டிமேட் என்ற நம் வரிசைக்கு அவற்றை வளைக்க உழைப்பு நிறைய வேண்டும்.

வாங்கும் முன் நான்கு விஷயம் மட்டும் பாருங்கள். போனிலேயே, சைட்டில் வெயிலில் நின்றுகொண்டே ஒரு பதிவு போட முடிகிறதா? தமிழில் தட்டச்சு செய்தாலும் தேடினால் கிடைக்கிறதா? ஒவ்வொரு வேலைக்கும் "அடுத்த தேதி" வைத்தால் அன்று காலை ஞாபகப்படுத்துகிறதா? யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற தடம் அழியாமல் இருக்கிறதா? கடைசிக் கேள்விதான் முக்கியம். கொட்டேஷன் தொகையை யார் திருத்தினார்கள் என்று தெரியாத பதிவேட்டை நம்பி எந்தப் பேச்சும் பேச முடியாது.

சரி, செயலி முடிவாயிற்று. இனி வேலை.

## கட்டங்களைப் பிரிப்பது

பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். "ஆர்வமாக இருக்கிறார்", "நல்ல பார்ட்டி", "சீக்கிரம் முடியும்" என்றெல்லாம் கட்டங்களுக்குப் பெயர் வைப்பார்கள். இவை நம் மனதில் தோன்றுவது. காலையில் நல்ல பார்ட்டியாகத் தெரிந்தவர் மாலையில் போனை எடுக்க மாட்டார். நடந்து முடிந்த ஒரு காரியத்தை வைத்தே கட்டம் மாற வேண்டும். யார் பார்த்தாலும் "ஆமாம், நடந்திருக்கிறது" என்று சொல்லும்படி இருக்க வேண்டும்.

தனி வீட்டு வேலைக்கு இந்த வரிசை போதும்:

1. விசாரணை வந்தது: பெயர், எண், மனை இருக்கும் ஊர் பதிவாகியிருக்கிறது.
2. சைட் பார்த்தாச்சு: அளவும் புகைப்படமும் ஏறியிருக்கின்றன.
3. பிளான் ஒப்புதல்: எந்த பிளான் என்று வாடிக்கையாளர் எழுத்தில் சொல்லியிருக்கிறார்.
4. கொட்டேஷன் கொடுத்தாச்சு: தேதியும் எண்ணும் உள்ள கொட்டேஷன் அவர் கையில் இருக்கிறது.
5. அக்ரிமென்ட்: இருவரும் கையெழுத்து போட்டு அட்வான்ஸ் வங்கியில் ஏறியிருக்கிறது.
6. அனுமதியும் கடனும்: கட்டட அனுமதி வந்திருக்கிறது, கடன் என்றால் ஒப்புதல் கடிதமும் வந்திருக்கிறது.
7. சைட்டுக்குத் தயார்: ஒப்படைப்புக் கூட்டம் முடிந்திருக்கிறது.

இவற்றோடு ஓரமாக இரண்டு வரிசை வையுங்கள்: "காத்திருப்பு", "போய்விட்டது". பேரத்துக்குத் தனிக் கட்டம் வேண்டாம். பேரம் எல்லாக் கட்டத்திலும் நடக்கும். அதற்கென்று ஒரு வரிசை வைத்தால் மாதக்கணக்கில் அங்கேயே கார்டுகள் குவியும்.

## முதல் போனில் கேட்க வேண்டியது

போன் வந்ததும் சதுரடி ரேட் என்ன என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ரேட்டைச் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் போனை வைக்கும் முன் கார்டில் நிரப்ப வேண்டியவை சில உண்டு: மனை எங்கே, அளவு என்ன, முன்னால் ரோடு எத்தனை அடி, பட்டா யார் பெயரில், கடன் வாங்கப் போகிறாரா கைப்பணமா, எப்போது தொடங்க எண்ணம், நம்மைப் பற்றி யார் சொன்னார்கள்.

இன்னொன்றையும் பக்குவமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: முடிவு எடுப்பவர் யார்? நம் ஊரில் போன் செய்பவர் ஒருவர், பணம் போடுபவர் ஒருவர், சரி என்று சொல்பவர் வேறு ஒருவர். கணவர் துபாயில் இருப்பார், இங்கே அலைவது மைத்துனர், பட்டா மாமியார் பெயரில் இருக்கும். "வீட்ல வேற யார்கிட்ட பேசணுங்க சார்?" என்று ஒரு கேள்வி போதும். அவர்கள் எண்ணும் உறவுமுறையும் அதே கார்டில் ஏற வேண்டும். வெளிநாட்டில் இருப்பவரானால் எத்தனை மணிக்குப் பேசலாம் என்பதையும் எழுதுங்கள்.

போன் எண்ணே அடையாளமாக இருக்கட்டும். புதுக் கார்டு திறக்கும் முன் எண்ணைப் போட்டு ஒரு தடவை தேடிவிடுங்கள். ஒரே குடும்பத்தில் இருவர் தனித்தனியாக அழைத்து, முதலாளி ஒருவரிடம் ஒரு ரேட்டும் அலுவலகம் இன்னொருவரிடம் வேறு ரேட்டும் சொல்லிவிட்டால் அந்த வேலை அத்தோடு போச்சு.

## சைட் பார்க்கும்போது

இந்த ஒரு மணி நேரத்தில் எடுக்கும் குறிப்புகள்தான் பின்னால் பல லட்சத்தைத் தீர்மானிக்கும். அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முதலில் டேப். நான்கு பக்கமும் அளந்தால் போதாது, இரண்டு மூலைவிட்டமும் அளக்க வேண்டும். 30க்கு 40 மனை மூலைமட்டமாக இருந்தால் மூலைவிட்டம் இரண்டும் 50 அடி வரும். ஒன்று 50 அடி 8 அங்குலம், இன்னொன்று 49 அடி 4 அங்குலம் என்று வந்தால் மனை கோணல். பிளான் வரைபவர் காகிதத்தில் நேர்ச்செவ்வகமாக வரைந்துவிட்டால், தரையில் சுவருக்குக் கோடு போடும் (மார்க்கிங்) அன்றுதான் சுவர் பக்கத்து மனைக்குள் போவது தெரியும். பத்திரத்தில் உள்ள அளவு, எஃப்எம்பி ஸ்கெட்ச்சில் (நில அளவைத் துறையின் புல வரைபடம்) உள்ள அளவு, டேப்பில் வந்த அளவு மூன்றையும் கார்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மூன்றும் ஒன்றானால் நல்லது. வேறுபட்டால் அதைத் தீர்க்காமல் பிளானுக்குப் போக வேண்டாம். சர்வேயர் வந்து கல் நட்ட பிறகு போகலாம்.

அடுத்தது மண். கோவை, மதுரை, தூத்துக்குடி வட்டாரங்களில் கரிசல் மண் உள்ள இடங்கள் உண்டு. மழையில் உப்பி வெயிலில் சுருங்கி வெடிக்கும் மண் அது. அதில் சாதாரண ஆழத்தில் கடக்கால் (அடித்தளம்) போட்டு நின்றுவிட முடியாது. மண்ணுக்குள் ஆழமாகத் தூண் இறக்கும் பைல் அடித்தளம் தேவைப்படலாம். நம் கொட்டேஷன் "5 அடி ஆழம் வரை" என்று போட்டிருந்தால் மீதிச் செலவு யாருடையது? பக்கத்தில் கட்டிய வீட்டுக்காரரிடம் எத்தனை அடியில் கெட்டி மண் வந்தது என்று கேட்டு எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் மண் பரிசோதனை வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு சொன்னால் ஏமாற்றுவதாகத்தான் படும்.

புகைப்படங்களில் இவை கட்டாயம் இருக்கட்டும்: ரோட்டில் நின்று மனையைப் பார்த்து ஒன்று, மனையில் நின்று ரோட்டைப் பார்த்து ஒன்று, இரண்டு பக்கத்து வீடுகள், மேலே போகும் மின்கம்பி, தண்ணீர் எடுக்கும் இடம், சந்தின் வாசல். சந்தின் வாசலை ஏன் சொல்கிறேன் என்றால், டிப்பர் லாரி உள்ளே நுழையவில்லை என்றால் எம்-சாண்டும் ஜல்லியும் மெயின் ரோட்டில் இறக்கித்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். அந்தக் கூலி கொட்டேஷனில் இல்லாவிட்டால் நம் கையைக் கடிக்கும். ரோட்டு மட்டத்திலிருந்து மனை எத்தனை அடி பள்ளம் என்பதையும் எழுதுங்கள். பேஸ்மென்ட் (தரை மட்டத்துக்குக் கீழே வரும் அடிப்பீடம்) உயரத்தையும் உள்ளே நிரப்ப வேண்டிய மண்ணையும் அதுதான் முடிவு செய்கிறது.

ஆவணங்களும் இந்தக் கட்டத்திலேயே வர வேண்டும்: பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அனுமதி. பட்டாவையும் வில்லங்கத்தையும் அரசின் இணையதளங்களில் நாமே சரிபார்த்துக்கொள்ளலாம். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவாக இருந்தால் தனியாகக் குறித்து வையுங்கள். 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் பதிவான மனைகளை வரன்முறை செய்ய 2017இல் அரசு திட்டம் கொண்டுவந்தது; இந்த மனை அதில் வரன்முறை ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆகவில்லை என்றால் அனுமதியும் வராது, வங்கிக் கடனும் வராது. கார்டு "காத்திருப்பு"க்குப் போகும். அந்த வாடிக்கையாளருக்கு அன்றே உண்மையைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

ஆதார் நகலைக் கார்டில் எல்லோரும் பார்க்கும்படி போட வேண்டாம். அலுவலகத்தில் ஒருவர் மட்டும் திறக்கக்கூடிய தனி இடத்தில் வைத்தால் போதும்.

## பிளான்: எது கடைசி பிளான்?

பிளான் திருத்தம் எத்தனை தடவை வேண்டுமானாலும் நடக்கும். பூஜை அறை ஈசானிய மூலைக்கு நகரும், படிக்கட்டு வெளியே போகும், மறுபடி உள்ளே வரும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு எண் கொடுங்கள்: பிளான் 1, பிளான் 2, பிளான் 3. பழையதை அழிக்க வேண்டாம். "ஃபைனல்", "புது ஃபைனல்", "இதுதான் ஃபைனல்" என்று கோப்புகள் கிடந்தால் எந்த பிளானுக்குக் கொட்டேஷன் போட்டோம் என்று நமக்கே தெரியாமல் போகும்.

இத்தனை திருத்தம் வரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மூன்று என்று வைத்தால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். பிளான் முடிவானதும் வாடிக்கையாளரிடம் "பிளான் 3 சம்மதம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கி, அதன் ஸ்கிரீன்ஷாட்டைக் கார்டில் இணைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள். எலிவேஷன் படம் அழகாக வந்திருக்கும். அதில் தெரியும் கிளாடிங், கண்ணாடிக் கைப்பிடி, செடித் தொட்டி எதெல்லாம் நம் கணக்கில் இருக்கிறது, எது வெறும் படம் என்று அதன் கீழேயே எழுதிவிடுங்கள்.

## கொட்டேஷன்

சதுரடி ரேட்டில் வரும் குழப்பம் மூன்று இடத்தில். பரப்பு எப்படி அளப்பது, ரேட்டுக்குள் என்ன அடங்கும், வரி சேர்த்தா சேர்க்காமலா.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரைத்தளம் 850, முதல் தளம் 850, ஆக 1,700 சதுர அடி. ரேட் 2,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 40,80,000 ரூபாய். பொருளும் கூலியும் சேர்த்து எடுக்கும் ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதாவது 7,34,400 ரூபாய். மொத்தம் 48,14,400. வாடிக்கையாளர் மனதில் நிற்கும் எண் 40 லட்சம். நாம் பில் போடும் எண் 48 லட்சம். இந்த வித்தியாசத்தைக் கொட்டேஷனின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் காட்டாமல், கடைசிப் பக்கத்தில் "வரிகள் தனி" என்று பொடியாகப் போடுவது நேர்மையான தொழில் ஆகாது. தனி வீட்டுக்குக் கூலி மட்டும் எடுத்துச் செய்யும் ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அதனால் எந்த வகை ஒப்பந்தம் என்பதும் கார்டில் ஒரு தனி இடத்தில் இருக்க வேண்டும்.

பரப்புக் கணக்கில் ஹெட் ரூம் (மொட்டை மாடியில் படிக்கட்டுக்கு மேல் வரும் அறை), போர்டிகோ, பால்கனி எப்படி எடுக்கப்படுகின்றன என்று வரி வரியாக எழுதுங்கள். முழுதா, பாதியா, தொகையாகவா? சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், கேட், போர்வெல், மண் நிரப்புதல், கட்டுமான காலத்துக்கான தற்காலிக மின் இணைப்பு, அனுமதிக் கட்டணம்: இந்த எட்டும் "உண்டு" அல்லது "இல்லை" என்று ஒவ்வொரு கொட்டேஷனிலும் வர வேண்டும். செயலியில் இதை ஒரு நிரந்தரப் பட்டியலாக வைத்துவிட்டால், எட்டும் நிரம்பாமல் கொட்டேஷன் வெளியே போகக்கூடாது என்ற விதியை அலுவலகத்தில் நடைமுறைப்படுத்தலாம். டைல்ஸ், பாத்ரூம் ஃபிட்டிங்ஸ், கதவு ஆகியவற்றுக்கு பிராண்ட் பெயர் மட்டும் போதாது. ஒரு சதுர அடிக்கு அல்லது ஒரு எண்ணிக்கைக்கு எத்தனை ரூபாய் வரை என்று போடுங்கள். ஒரே பிராண்டில் 45 ரூபாய் டைல்ஸும் இருக்கும், 140 ரூபாய் டைல்ஸும் இருக்கும்.

கொட்டேஷனுக்குத் தேதியும் காலாவதியும் கட்டாயம். 15 நாள் அல்லது 30 நாள் வைக்கலாம். சிமென்ட்டுக்கு இருந்த 28 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆனது. அப்படி ஒரு மாற்றம் வரும்போது பழைய கொட்டேஷனை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் வந்து நிற்பார். கம்பி விலை ஏறும்போது அதே பழைய கொட்டேஷனோடு வேறொருவர் வருவார். தேதி இருந்தால் இருவரிடமும் ஒரே நியாயத்தைப் பேச முடியும். காலாவதிக்கு மூன்று நாள் முன்பு கார்டு ஞாபகப்படுத்தும்படி வையுங்கள். அதுவே தொடர்ந்து பேச ஒரு காரணமாகவும் ஆகும்.

## வாக்குப் பட்டியல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒவ்வொரு கார்டிலும் "வாக்கு" என்று ஒரு பட்டியல் திறங்கள். போனிலோ சைட்டிலோ டீக்கடையிலோ நாம் ஒத்துக்கொண்ட ஒவ்வொன்றும் அதில் ஒரு வரியாக ஏறும். ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்றால்:

"மே 14, சைட்டில். மாமனார் கேட்டது: பின்பக்கம் துணி துவைக்க 4 அடிக்கு 3 அடி கல் மேடை, பக்கத்தில் ஒரு பைப். முதலாளி சரி என்றார். கட்டணம் இல்லை. கொட்டேஷன் 2இல் 31ஆவது வரியாகச் சேர்த்தாச்சு."

யார் கேட்டார், யார் சரி என்றார், இலவசமா கட்டணமா, எந்தக் காகிதத்தில் ஏறியது. நான்கும் இருக்க வேண்டும். நான்காவது காலியாக இருக்கும் வரி, சைட்டில் சண்டையாக முளைக்கும் வரி. அக்ரிமென்ட் அச்சிடும் முன் இந்தப் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு முறை படித்து, காகிதத்தில் ஏறாத வரி ஒன்றும் இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

மறுத்ததையும் எழுதுங்கள். "மொட்டை மாடியில் வெதரிங் டைல்ஸ் கேட்டார், இந்த ரேட்டில் முடியாது என்று சொன்னோம்" என்ற வரி, ஓராண்டு கழித்து "அன்னிக்கு நீங்க சரின்னு சொன்னீங்களே" என்ற பேச்சு வரும்போது உதவும். மாலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் மறந்துவிடும். வண்டியை எடுக்கும் முன் போனில் குரல் பதிவாகவாவது கார்டில் போட்டுவிடுங்கள். அலுவலகத்தில் இருப்பவர் அதைக் கேட்டு வரியாக எழுதட்டும்.

அன்று பேசியதைச் சுருக்கி வாடிக்கையாளருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "சார், இன்னிக்கு பேசினது இது, சரியா பாருங்க" என்று. தவறாகப் புரிந்திருந்தால் அப்போதே திருத்திவிடுவார். நம் மீது நம்பிக்கையும் வளரும். நாலு பேரிடம் கொட்டேஷன் வாங்குகிறவருக்கு, பேசியதை எழுதி அனுப்பியவர் ஒருவர்தான் என்பது நன்றாக ஞாபகம் இருக்கும்.

## விடாமல் பேசுவது, தொந்தரவு செய்யாமல்

அடுத்த தேதி இல்லாத கார்டு ஒன்றுகூட இருக்கக்கூடாது. "அப்புறம் சொல்றேன்" என்று வாடிக்கையாளர் சொன்னால், "எப்போ கூப்பிடட்டும் சார், அடுத்த வாரம் போதுமா?" என்று கேட்டு அவர் வாயாலேயே ஒரு நாளை வாங்கி அதைப் போடுங்கள். அவர் சொன்ன நாளில் அழைப்பதைத் தொந்தரவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு விஷயம் இருக்கட்டும். "என்ன சார் முடிவு பண்ணிட்டீங்களா?" என்று மூன்றாவது முறை கேட்டால் போனை எடுக்க மாட்டார். கார்டைத் திறந்து பார்த்தால் பேச விஷயம் கிடைக்கும்: போன முறை அவர் மனைவி கேட்ட லாஃப்ட் அளவு, கொட்டேஷன் காலாவதி ஆகப்போவது, நாம் பக்கத்துத் தெருவில் கட்டும் வீட்டில் ரூஃப் கான்கிரீட் போடும் நாள். "வந்து வேலையைப் பாருங்க சார்" என்று அழைப்பதைவிட நல்ல விற்பனைப் பேச்சு இந்தத் தொழிலில் கிடையாது.

நாள்காட்டியும் செயலியில் இருக்க வேண்டும். வாஸ்து நாள் சித்திரை, வைகாசி, ஆடி, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை, தை, மாசி என எட்டு மாதங்களில் மட்டும் வரும். ஆடியில் வாஸ்து நாள் இருந்தாலும் தொடங்கத் தயங்கும் குடும்பங்கள் நிறைய. மார்கழியில் கேட்கவே வேண்டாம். ஆடியில் "யோசிக்கிறோம்" என்று சொல்பவர் உண்மையில் ஆவணிக்காகக் காத்திருக்கலாம். அவரைக் "காத்திருப்பு"க்கு மாற்றி, ஆடி கடைசி வாரத்தில் அழைக்கத் தேதி போடுங்கள். ஆவணியில் பூமி பூஜை வேண்டும் என்றால் அதற்குள் பிளான், அக்ரிமென்ட், அனுமதி எல்லாம் முடிய வேண்டும். பூஜை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி ஒவ்வொரு கட்டத்துக்கும் கடைசித் தேதி வைத்தால், அவசரம் நம்முடையது இல்லை, அவர் குறித்த நாளுடையது என்று வாடிக்கையாளருக்கே விளங்கும்.

வேலை கைவிட்டுப் போனால் காரணம் எழுதாமல் கார்டை மூட வேண்டாம். ரேட், தெரிந்தவரிடம் கொடுத்தார், கடன் கிடைக்கவில்லை, பத்திரச் சிக்கல், கட்டும் எண்ணத்தையே விட்டுவிட்டார், நாம் தாமதித்தோம். இந்த ஆறில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். கடைசிக் காரணத்தை எழுதத்தான் தைரியம் வேண்டும்.

## அக்ரிமென்ட், அனுமதி, கடன்

அக்ரிமென்ட்டில் பணம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று போடுவோம். இங்கே ஒரு இடறல் உண்டு. நாம் கேட்பது வேலை தொடங்கும் முன். வங்கி கொடுப்பது வேலை முடிந்து, அவர்கள் இன்ஜினியர் வந்து பார்த்த பின். பேஸ்மென்ட், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), ரூஃப், பூச்சு என்று வங்கி பிரிக்கும் கட்டங்கள் நம் கட்டங்களோடு பொருந்தாமலும் இருக்கும். கடன் வாடிக்கையாளரானால் வங்கியின் கட்டப் பட்டியலை வாங்கி, நம் பட்டியலோடு பக்கத்தில் வைத்து, இடைவெளி விழும் இடத்தில் கைப்பணம் எவ்வளவு வேண்டும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் தொடங்கிய வேலைகள் லிண்டல் மட்டத்தில் நின்றுபோகும். வங்கிக்குக் கொடுக்கும் எஸ்டிமேட்டும் நம் கொட்டேஷனும் வேறு தொகையாக இருந்தால் இரண்டையும் கார்டில் தனித்தனிப் பெயரில் வையுங்கள்.

அனுமதியைப் பொறுத்தவரை, 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை சிறு வீடுகளுக்கு நேரத்தை மிச்சப்படுத்துகிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளம், முதல் தளம் கட்ட ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனடியாக அனுமதி பெறலாம். ஆனால் கொடுக்கும் விவரங்களுக்கு உரிமையாளரே பொறுப்பு. சைட்டில் எடுத்த அளவும் பத்திர அளவும் பொருந்த வேண்டும் என்று அவ்வளவு அழுத்திச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். விண்ணப்ப எண், கட்டிய தொகை, ரசீது, அனுமதி ஆணை நான்கும் கார்டில்.

தனி வீட்டை விட்டு அடுக்குமாடிக்குப் போகிறீர்கள் என்றால் விதி வேறு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி (ரெரா) 500 சதுர மீட்டர், எட்டு வீடு என்ற வரம்பைத் தாண்டும் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரமும் செய்யக்கூடாது, முன்பதிவும் வாங்கக்கூடாது. விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. செயலியில் அதற்குத் தனிப் பலகை வைத்து, ரெரா எண் இல்லாமல் முதல் கட்டத்தையே தாண்ட முடியாதபடி வையுங்கள்.

## சைட்டுக்கு ஒப்படைப்பது

அட்வான்ஸ் வந்ததும் விற்பனை முடிந்தது என்று கார்டை மூடிவிடுவது வழக்கம். மூடக்கூடாது. மார்க்கிங் போடும் முன் ஒரு மணி நேரம் உட்காருங்கள்: முதலாளி, சைட் இன்ஜினியர் அல்லது சூப்பர்வைசர், அலுவலகத்தில் கார்டைப் பராமரித்தவர். முடிந்தால் வாடிக்கையாளரும் வரட்டும். கார்டைப் பெரிய திரையில் திறந்து நான்கு விஷயத்தைப் பாருங்கள்: கடைசி பிளான் எண், கொட்டேஷன் எண், சைட் அளவுகள், வாக்குப் பட்டியல். வாக்குப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் அது எந்தக் கட்ட வேலையில் வரும் என்று சூப்பர்வைசரே எழுதட்டும். துவைக்கும் மேடைக்குப் பைப் வேண்டும் என்றால் பிளம்பிங் லைன் ஓடும்போது. கடப்பா ஸ்லாப் என்றால் கிச்சன் மேடை கட்டும்போது. தன் கையால் எழுதியதை அவர் மறக்க மாட்டார், மேஸ்திரியிடம் சொல்லவும் செய்வார்.

அந்தக் கார்டே சைட் பலகைக்கு நகரும். புதிதாக ஒன்று திறந்து எடுத்து எழுத வேண்டாம். எடுத்து எழுதும்போதுதான் வரிகள் விட்டுப்போகும். ரேட்டும் லாபமும் சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தால் அந்தக் கணக்கை முதலிலிருந்தே கார்டுக்கு வெளியே, தனி ஷீட்டில் வையுங்கள். வேலை தொடங்கிய பின் வாடிக்கையாளர் கேட்கும் எக்ஸ்ட்ரா வேலைகளும் இதே வாக்குப் பட்டியலில் தொகையோடு தொடரலாம்.

## வாரம் ஒரு முறை

திங்கள் காலை சைட்டுக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம். எல்லாக் கார்டையும் பேச வேண்டியதில்லை. தேதி தாண்டியவை, ஒரே கட்டத்தில் மூன்று வாரத்துக்கு மேல் நிற்பவை, இவை மட்டும். ஒவ்வொன்றுக்கும் யார், என்ன செய்யப் போகிறார், எந்த நாளுக்குள் என்று எழுதிவிட்டு எழுந்துவிடுங்கள். இந்தக் கூட்டத்தில் முதலாளி தன் போனைத் திறந்து, கார்டில் ஏறாத வாட்ஸ்அப் பேச்சு ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முதலாளி பழகாத செயலியை அலுவலகத்தில் வேறு யாரும் பழக மாட்டார்கள்.

மாதம் ஒரு முறை இரண்டு கணக்குப் பாருங்கள். சைட் பார்த்ததிலிருந்து கொட்டேஷன் கொடுக்க எத்தனை நாள் ஆகிறது? எந்த வழியாக வந்த விசாரணை அக்ரிமென்ட் ஆகிறது? பழைய வாடிக்கையாளர் சொல்லி வந்தவர்கள் அதிகம் முடிகிறார்கள் என்று தெரிந்தால், விளம்பரத்துக்கு வைத்த பணத்தில் ஒரு பகுதியைக் கட்டி முடித்த வீடுகளின் சின்னச் சின்னப் பழுது பார்க்கச் செலவழிக்கலாம்.

தொடங்கும்போது பழைய டைரிகளை உட்கார்ந்து ஏற்ற வேண்டாம். இப்போது பேச்சில் இருக்கும் வேலைகள் எவையோ அவற்றுக்கு மட்டும் கார்டு திறங்கள். முதல் வாரம் பெயர், எண், அடுத்த தேதி. இரண்டாவது வாரம் பிளான், கொட்டேஷன் கோப்புகள். மூன்றாவது வாரத்திலிருந்து வாக்குப் பட்டியல். ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கி இன்னும் வானம் தோண்டாத வேலை ஏதாவது கையில் இருந்தால், அந்த வாடிக்கையாளரை மட்டும் இந்த வாரமே அழைத்து, நாம் என்னென்ன சொன்னோம் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.